வாசகர் கேள்வி பதில்: புல் பிடுங்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: பல்கலைக்கழகத்தில் தாவரவியல் முதலாம் வருடம். புற்களைப் பேப்பருக்குள் வைத்து அழுத்திக் காயவைத்துச் சேர்க்கத் தொடங்கினேன். பாதி பூஞ்சணம் பிடித்துவிட்டது, மிச்சத்தில் எது என்ன புல் என்று எனக்கே தெரியவில்லை.
- மாணவி, கரவெட்டி

பதில்: தங்கச்சி, பூஞ்சணம் சின்னப் பிரச்சினை. புல்லை வைத்திருக்கும் பேப்பரை அப்படியே விட்டு, அதற்கு மேலும் கீழும் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பேப்பர்களை முதல் மூன்று நான்கு நாள் தினமும் மாற்றுங்கள், இடையிடையே பெட்டி மட்டையை வெட்டி வையுங்கள், காற்றுப் போகும். மாரி மழைக்குள் பிடுங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மழை ஓய்ந்த தை, மாசியில் போனால் புல்லும் பூத்திருக்கும், பேப்பரும் காயும்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். இலையை மட்டும் நறுக்கிக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் வைக்க யாராலும் முடியாது. வேரோடு கிண்டி எடுக்க வேண்டும், கதிரும் இருக்க வேண்டும். ஒரு வருடப் புல்லா, கிழங்கு விட்டு வருடக்கணக்கில் நிற்பதா என்பதை வேர்ப்பக்கம்தான் சொல்லும். இலையும் தண்டைச் சுற்றிய உறையும் சேருமிடத்தில் ஒரு சின்னத் தோலோ மயிர் வரிசையோ இருக்கும், அதையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நம் வளவுகளில் காக்கைக்கால் புல்லையும் (டக்டிலோக்டீனியம்) எலியூசின் இன்டிகாவையும் குழப்பாதவர்கள் குறைவு, இரண்டுக்கும் கதிர் விரல் மாதிரித்தான் விரியும். முன்னதில் ஒவ்வொரு விரலின் நுனியும் சிறுகதிர் இல்லாமல் வெறும் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், மற்றதில் அது கிடையாது. கதிர் இல்லாமல் இதை எப்படிப் பார்ப்பது?

நெட்டையான புல்லை வெட்டாதீர்கள். ஒன்றிரண்டு தரம் மடித்து, மடிப்பு விரியாதபடி, நடுவில் கீறிய கடதாசித் துண்டுக்குள் செருகிவிடுங்கள். ஒட்டுவதற்கு ஏ3 அளவு தடித்த மட்டை போதும். செலோ ரேப் வேண்டவே வேண்டாம், மஞ்சளாகிக் கழன்றுவிடும், நூலால் தைக்கலாம். உதிரும் சிறுகதிர்களுக்கு ஓர் உறையை மூலையில் ஒட்டுங்கள்.

அப்புறம் குறிப்பு. பிடுங்கிய இடத்திலேயே கொப்பியில் எழுதுங்கள், வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் மறந்துபோகும். இலக்கம், திகதி, ஊர், வயல் வரம்பா தரவையா உவர் நிலமா, எவ்வளவு உயரம், பூவின் நிறம். காய்ந்தால் நிறம் போய்விடும். இந்தக் குறிப்பு இல்லாத புல் வெறும் வைக்கோல்தான், மாட்டுக்குப் போடலாம். பெயர் பிறகு கண்டுபிடிக்கலாம், பேராதனைப் பூங்காவில் தேசிய ஹெர்பேரியம் (காயவைத்த தாவரங்களின் சேகரிப்பு) இருக்கிறது, விரிவுரையாளர் மூலம் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் எதையும் பிடுங்காதீர்கள். முகமாலைப் பக்கம் மிதிவெடிப் பலகை நின்றால் எந்தப் புல்லுக்காகவும் தாண்ட வேண்டாம்.

கேள்வி: கோரையையும் புல்லோடு சேர்க்கலாமா?
- ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: சேருங்கள் சேர், ஆனால் தனிக் கட்டாக வையுங்கள். அது சைப்பரேசியே குடும்பம். தண்டை விரலுக்குள் உருட்டினால் மூன்று மூலை தட்டுப்படும், இலைகள் மூன்று வரிசை. புல்லில் தண்டு பெரும்பாலும் உருண்டை, கணு இருக்கும், இலை இரண்டு வரிசை.

கேள்வி: மணல்காட்டில் இராவணன் மீசைப் புல் எடுத்தோம். பந்து மாதிரி இருக்கிறது, அழுத்தினால் நொறுங்குகிறது.
- உயர்தர மாணவன், பருத்தித்துறை

பதில்: அழுத்தாதீர்கள் தம்பி. அந்தப் பந்து பெண் செடியின் கதிர், காற்றில் மணலில் உருண்டு விதை பரப்புவது. அதை முழுசாகப் பெட்டியில் போட்டு, மட்டையில் ஒட்டும் இலைத்தண்டின் இலக்கத்தையே பெட்டியிலும் எழுதுங்கள். ஆண் கதிர் வேறு செடியில் வரும், அதற்குத் தனி இலக்கம். இலை நுனி ஊசி மாதிரிக் குத்தும், தடித்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பிடுங்குங்கள்.