மூன்று சீட்டை வைத்து எண்ணிப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தனிநிலைக் கணிதமும் நிகழ்தகவும் பற்றியவை. எழுதியவர்கள் பெரும்பாலும் கணினி படிக்கும் பிள்ளைகள். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு படியுங்கள். சில இடங்களில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: சீட்டுக்கட்டைக் கலைக்க ஒரு நிரல் எழுதினேன். முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை ஒரு லூப். ஒவ்வொரு இடத்திலும் நின்று, மொத்த இடங்களில் ஏதோ ஒன்றை ரேண்டமாகத் தேர்ந்தெடுத்து, இரண்டு சீட்டையும் இடம் மாற்றுகிறேன். ஓட்டிப் பார்த்தால் நன்றாகக் கலைந்துதான் வருகிறது. ஆனால் என் தோழி இது தப்பு என்கிறாள். எங்கே தப்பு, சார்?
— முதலாண்டு மாணவி

பதில்: உங்கள் தோழி சொல்வதுதான் சரி. 52 சீட்டை மறந்துவிடுங்கள், மூன்று போதும். அ, ஆ, இ என்று பெயர் வைப்போம். இவற்றை வரிசைப்படுத்த ஆறு வழிகள் உண்டு. நியாயமாகக் கலைத்தால் ஆறும் சம வாய்ப்போடு வர வேண்டும்.

உங்கள் லூப் மூன்று முறை ஓடும். ஒவ்வொரு முறையும் மூன்று இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஆக, நிரல் போகக்கூடிய பாதைகள் 3×3×3, அதாவது 27. எல்லாப் பாதைக்கும் சம வாய்ப்பு. இந்த 27 பாதைகளை ஆறு வரிசைகளுக்குப் பங்கிட வேண்டும். 27-ஐ ஆறால் வகுத்தால் மீதி வருகிறதே! அப்படியானால் எந்த வரிசைக்கோ கூடுதலாகப் போய்த்தான் ஆக வேண்டும். இதற்கு மேல் நிரூபணம் எதுவும் தேவையில்லை.

ஆனாலும் 27-ஐயும் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள், கால் மணி நேரம் ஆகும். அஇஆ, ஆஅஇ, ஆஇஅ ஆகிய மூன்று வரிசைகளுக்கும் ஐந்தைந்து பாதைகள் கிடைக்கும். அஆஇ, இஅஆ, இஆஅ ஆகிய மூன்றுக்கும் நான்கு நான்கு. ஒன்றுக்கு 18.5 சதவீதம், இன்னொன்றுக்கு 14.8 சதவீதம். வெறும் கண்ணால் பார்த்து இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. உங்களுக்குச் சரியாகத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

இதை நான் ஒரு மாணவியிடமிருந்து கற்றுக்கொண்டேன். செய்முறைத் தேர்வில் வாய்மொழிக் கேள்விக்கு யார் முதலில் வருவது என்று ஒவ்வொரு ஆண்டும் தகராறு நடக்கும். அதைத் தீர்க்க நானே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தேன், நீங்கள் எழுதிய அதே முறையில். பல ஆண்டுகள் அதைத்தான் ஓட்டினேன். ஒருநாள் அந்தப் பெண் என் மேசைமேல் ஒரு தாளை வைத்தாள். என் நிரலில் மூன்று பெயரை மட்டும் கொடுத்து 27 ஆயிரம் முறை ஓட்டியிருக்கிறாள். தாளில் ஆறு வரிகள். மூன்றில் ஐயாயிரத்தை ஒட்டிய எண்கள், மற்ற மூன்றில் நாலாயிரத்தை ஒட்டிய எண்கள். கீழே பென்சிலில் "27 ÷ 6" என்று மட்டும் எழுதியிருந்தாள். நான் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் மூன்றாவதாக இருப்பவர் முதலில் அழைக்கப்படுவது 27-இல் எட்டு முறை. இரண்டாவதாக இருப்பவருக்கு அது பத்து முறை. பல ஆண்டுகளாக நான் நியாயம் என்று நம்பியது நியாயம் இல்லை. அன்றிலிருந்து கலைத்தல் பற்றிய பாடத்தை அந்த ஆறு வரிகளோடுதான் தொடங்குகிறேன்.

திருத்தம் மிகச் சின்னது. முதல் இடத்துக்கு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் இடத்துக்கு மீதியுள்ள இரண்டில் ஒன்று. கடைசிக்கு மிஞ்சியது. பாதைகள் 3×2×1, அதாவது ஆறு, வரிசைகளும் ஆறு, ஒன்றுக்கு ஒன்று. உங்கள் நிரலில் ரேண்டம் எண்ணின் எல்லையை 'முதல் இடம் முதல் கடைசி வரை' என்பதிலிருந்து 'நிற்கும் இடம் முதல் கடைசி வரை' என்று மாற்றினால் போதும். 1938-இல் ரொனால்டு ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் தாளில் கையால் செய்வதற்காக இந்த முறையை வெளியிட்டார்கள். 1964-இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்றபடி, நான் மேலே சொன்ன வடிவத்தில் எழுதினார்.

52 சீட்டுக்கும் உங்கள் பழைய முறை ஏன் ஆகாது என்று கேட்பீர்கள். பாதைகள் 52-ஐ 52 முறை பெருக்கி வருபவை. வரிசைகளின் எண்ணிக்கை 52×51×50 என்று ஒன்று வரை பெருக்கி வருவது, அதில் 51 ஒரு காரணி. 51-க்கும் 52-க்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. ஆகவே மீதியில்லாமல் வகுபடாது. மூன்று சீட்டில் பார்த்த அதே கதைதான்.

கேள்வி: பதிவுகளை அடையாளம் காண 32 பிட் ஹாஷ், அதாவது ஒவ்வொரு பதிவிலிருந்தும் கணக்கிட்டு எடுக்கும் ஓர் எண், பயன்படுத்துகிறோம். சுமார் 429 கோடி மதிப்புகள் இருக்கின்றன. எங்களிடம் உள்ளவை ஒரு லட்சம் பதிவுகள் மட்டுமே. இரண்டு பதிவுக்கு ஒரே ஹாஷ் வர வாய்ப்பே இல்லை என்று குழுவில் சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானே?
— இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் மாணவர்

பதில்: தம்பி, குழுவிடம் போய் உடனே திருத்திச் சொல்லிவிடுங்கள். மோதல், அதாவது இரண்டு பதிவுக்கு ஒரே ஹாஷ், வர ஏறக்குறைய 69 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

நீங்கள் எண்ணியது பதிவுகளை. மோதுவது ஜோடிகள். ஒரு லட்சம் பதிவுகளில் எத்தனை ஜோடிகள்? ஒரு லட்சத்தை 99,999-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 500 கோடி. ஒவ்வொரு ஜோடியும் மோத 429 கோடியில் ஒரு வாய்ப்பு. ஆக, சராசரியாக ஒன்றுக்கும் சற்றுக் கூடுதலான மோதலை எதிர்பார்க்க வேண்டும். 77 ஆயிரம் பதிவுகளிலேயே வாய்ப்பு பாதியைத் தொட்டுவிடுகிறது.

வகுப்பில் சொல்லும் பிறந்தநாள் கணக்கும் இதுதான். 23 பேர் இருந்தால் அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்க 50.7 சதவீத வாய்ப்பு. 23 என்று பார்த்தால் நம்ப முடியவில்லை. 23 பேருக்குள் 253 ஜோடிகள் என்று பார்த்தால் நம்ப முடிகிறது. 'என்னோடு ஒருவர் பொருந்த வேண்டும்' என்ற கேள்வி வேறு, 'யாரோ இருவர் தமக்குள் பொருந்த வேண்டும்' என்ற கேள்வி வேறு. நம் மனம் முதல் கேள்விக்கு விடை தேடிவிட்டு அதை இரண்டாவதற்கும் சொல்லிவிடுகிறது.

64 பிட்டுக்கு மாறுங்கள். அதே 500 கோடி ஜோடிகளுக்கு மோதல் வாய்ப்பு சுமார் 370 கோடியில் ஒன்றாகக் குறைந்துவிடும். அப்போதும் மோதினால் என்ன செய்வது என்பதை நிரலில் எழுதியே வையுங்கள்.

கேள்வி: தொகுத்தறிதல் முறையில், அதாவது ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் படிப்படியாகப் போய் நிரூபிக்கும் முறையில், நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறோம். இது ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது. அதைவிட நூறு எண்களுக்குக் கணினியில் சோதித்துவிட்டால் போதாதா?
— இரண்டாமாண்டு மாணவர்

பதில்: இந்தச் சந்தேகம் உங்களுக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பலர் சந்தேகத்தை விழுங்கிவிட்டு மனப்பாடம் செய்கிறார்கள்.

முதலில் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அந்த எண்ணைக் கூட்டி, அப்புறம் 41-ஐக் கூட்டுங்கள். பூஜ்யத்துக்கு 41, ஒன்றுக்கு 43, இரண்டுக்கு 47, மூன்றுக்கு 53. எல்லாம் பகா எண்கள். ஆய்லர் கவனித்த விஷயம் இது. 39 வரை நாற்பது விடைகளும் பகா எண்களே. 40-ஐப் போடுங்கள்: 1681. அது 41×41. நாற்பது முறை தேறிய விதி நாற்பத்தோராவது முறை விழுந்துவிட்டது.

அதே ஆய்லர் 1769-இல் இன்னொன்றையும் ஊகித்தார். ஓர் எண்ணின் ஐந்தாம் அடுக்கை மற்ற எண்களின் ஐந்தாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுத வேண்டுமானால் குறைந்தது ஐந்து எண்கள் வேண்டும் என்றார். சுமார் இரு நூற்றாண்டுகள் யாராலும் அதை மறுக்க முடியவில்லை. 1966-இல் லேண்டரும் பார்க்கினும் கணினியில் தேடி நான்கே எண்களில் எழுதிக் காட்டினார்கள்: 27, 84, 110, 133. இவற்றின் ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டினால் 144-இன் ஐந்தாம் அடுக்கு. சீட்டுக் கணக்கில் சின்ன எண்ணை வைத்து எழுதிப் பாருங்கள் என்று சொன்னேன் அல்லவா? அது ஏன் அப்படி நடக்கிறது என்று பிடிபடுவதற்காக. எல்லா எண்ணுக்கும் அப்படித்தான் நடக்கும் என்று சொல்ல அது போதாது.

சரி, ஏமாற்று வேலை பற்றி. நாம் எல்லா எண்ணுக்கும் உண்மை என்று வைத்துக்கொள்வதில்லை. ஏதோ ஓர் எண்ணுக்கு உண்மையானால் அதற்கு அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்டுகிறோம். 'உண்மையானால்' என்ற சொல்லில் உள்ள அந்த 'ஆல்'தான் முழு வேலையையும் செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: மூன்று உறுப்புகள் உள்ள கணத்துக்கு எட்டு உட்கணங்கள். இப்போது நான்காவதாக ஓர் உறுப்பைச் சேருங்கள். பழைய எட்டில் ஒவ்வொன்றிலும் புதியவரைச் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். எட்டு பதினாறாகிறது. இந்த வாதத்தில் மூன்று, நான்கு என்ற எண்களுக்கு ஏதாவது சிறப்பு இருந்ததா? இல்லை. எந்த இடத்திலும் ஓர் உறுப்பைச் சேர்த்தால் இரட்டிக்கும். வெற்றுக் கணத்துக்கு ஓர் உட்கணம் என்று தொடங்கிவிட்டால் மீதி தானாக நடக்கும்.

அந்தத் தொடக்கத்தை அற்பமாக நினைத்துவிடாதீர்கள். 'ஒவ்வோர் எண்ணும் தனக்கு அடுத்த எண்ணுக்குச் சமம்' என்று ஒரு கூற்று. ஓர் எண்ணுக்கு இது உண்மையானால் இரு பக்கமும் ஒன்றைக் கூட்டுங்கள், அடுத்த எண்ணுக்கும் உண்மையாகிவிடும். இந்தப் படியில் ஒரு குறையும் இல்லை! தொடக்கம் மட்டும்தான் இல்லை. தன்னையே மறுபடி அழைக்கும் ரிகர்ஷன் நிரலை எழுதும்போது நிற்கும் நிபந்தனையை மறந்தால், அழைப்புகளைக் குறித்து வைக்கும் ஸ்டாக் நிரம்பி நிரல் விழுமே, அதே நோய்தான் இது.

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில் காலியான பட்டியலைக் கொடுத்து 'எல்லாம் நேர்ம எண்களா?' என்று கேட்டால் 'ஆம்' என்கிறது. இது பிழையா?
— பள்ளி மாணவி

பதில்: பிழை இல்லை. 'எல்லாம் நேர்மம்' என்பதைப் பொய்யாக்க, நேர்மம் அல்லாத ஓர் எண்ணைக் காட்ட வேண்டும். காலிப் பட்டியலில் எதைக் காட்டுவீர்கள்? காட்ட முடியாததால் மெய். 'இது உண்மையானால் அதுவும் உண்மை' என்ற வகை நிபந்தனைக் கூற்றில் முன்பாதி பொய்யானால் முழுக் கூற்றும் மெய் என்று மெய்மை அட்டவணையில் வருவதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: எங்கள் பாதுகாப்பு மென்பொருள் தாக்குதல்களில் 99 சதவீதத்தைப் பிடிக்கிறது. நல்ல கோரிக்கைகளில் 1 சதவீதத்தை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கிறது. ஆனால் வரும் எச்சரிக்கைகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் வெறும் பொய் எச்சரிக்கைகள். மென்பொருள் கெட்டுவிட்டதா?
— வேலையில் சேர்ந்து ஆறு மாதமான ஒருவர்

பதில்: மென்பொருள் சொன்னபடியே வேலை செய்கிறது. சூத்திரத்தை எடுக்காமல் எண்ணிப் பார்ப்போம். பத்து லட்சம் கோரிக்கைகள் வருகின்றன, அவற்றில் நூறு தாக்குதல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறில் 99 பிடிபடும். மீதியுள்ள 9,99,900 நல்ல கோரிக்கைகளில் 1 சதவீதம், அதாவது 9,999 வீணாக மாட்டும். மொத்த எச்சரிக்கைகள் 10,098. அவற்றில் உண்மையானவை 99. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

தாக்குதல் இருந்தால் எச்சரிக்கை வரும் வாய்ப்பு 99 சதவீதம். எச்சரிக்கை வந்தால் தாக்குதல் இருக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, தாக்குதல்கள் எவ்வளவு அரிது என்பதும் தெரிந்தாக வேண்டும். தாமஸ் பேயஸ் எழுதி, அவர் இறந்த பிறகு 1763-இல் வெளியான கட்டுரையிலிருந்து வளர்ந்த தேற்றம் சொல்வது இதைத்தான். உங்களுக்கு உதவக்கூடியது, பொய் எச்சரிக்கை வீதத்தைக் குறைப்பதுதான். 99-ஐ 99.9 ஆக்கினாலும் உங்கள் வேலை குறையாது. 1 சதவீதத்தை 0.01 ஆக்கினால், 9,999 இருந்த இடத்தில் சுமார் நூறு மட்டுமே இருக்கும்.

கேள்வி: ஒரு கோப்பைச் சுருக்கினேன், பாதியானது. மறுபடி சுருக்கினேன், சிறிதாகவில்லை. கொஞ்சம் பெரிதாகக்கூட ஆகிவிட்டது. எதைக் கொடுத்தாலும் சிறிதாக்கும் மென்பொருளை யாராவது எழுத முடியாதா?
— முதலாண்டு மாணவர்

பதில்: விரித்தால் பழைய கோப்பு அப்படியே திரும்பி வர வேண்டும் என்றால், யாராலும் முடியாது. மூன்று பிட் கோப்புகள் மொத்தம் எட்டு. அவற்றைவிடச் சிறியவை: இரண்டு பிட்டில் நான்கு, ஒரு பிட்டில் இரண்டு, ஒன்றுமே இல்லாத வெற்றுக் கோப்பு ஒன்று. ஆக ஏழு. எட்டுப் புறாக்கள், ஏழு கூடுகள். எப்படி அடைத்தாலும் இரண்டு புறாக்கள் ஒரே கூட்டில் விழும். அந்தக் கூட்டைத் திறக்கும்போது எந்தப் புறாவைத் திருப்பித் தருவது? நான்கு பிட்டுக்கும் எண்ணிப் பாருங்கள். பதினாறுக்குப் பதினைந்துதான் கிடைக்கும்.