கத்தி பட்டால் பரவுமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், 40 வருடமாகப் பீடி. வலது நுரையீரலின் மேல்மடலில் 2.5 சென்ரிமீற்றர் புற்றுக்கட்டி. வேறெங்கும் பரவவில்லை, அந்த மடலை எடுத்துவிடலாம் என்கிறார்கள். மூச்சு ஊதிப் பார்த்ததில் 1.8 லீற்றர். கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். பிறகு லயத்துக்குப் படியேறி வருவாரா?
– வாசகி, நுவரெலியா

பதில்: கத்தி பட்டுப் பரவுவதில்லை. ஸ்கேன் இல்லாத காலத்தில், ஏற்கெனவே பரவியிருந்தது நெஞ்சைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. பழி கத்தியின் மேல் விழுந்தது. நெறிக்கட்டிக்குப் (நிணநீர்க் கணுவுக்கு) போகாத இந்த அளவுக் கட்டியில், சிகிச்சை பெற்ற 100 பேரில் ஏறத்தாழ 77 பேர் 5 வருடம் தாண்டுகிறார்கள். நுரையீரலின் வாசலிலுள்ள நெறிக்கட்டிக்குப் போய்விட்டால் அது 53 அளவுக்கு இறங்கிவிடும். தள்ளிப்போடுவதில்தான் பயம் இருக்கிறது.

ஆபத்து இல்லையென்றும் சொல்ல மாட்டோம். ஒரு மடலை எடுக்கும்போது ஒரு மாதத்துக்குள் உயிரிழப்பவர்கள் 100க்கு 1 முதல் 3 பேர். ஒருபக்க நுரையீரல் முழுவதையும் எடுத்தால் அது பல மடங்கு.

மூச்சுக் கணக்கை நீங்களே போடலாம். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 19 கூறுகள், வலது மேல்மடலில் 3. மிஞ்சும் 16ஐ 19ஆல் வகுத்து 1.8ஆல் பெருக்கினால் சுமார் 1.5 லீற்றர். இது அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் எத்தனை வீதம் என்று டொக்டரிடம் கேளுங்கள். 60 வீதத்துக்கு மேலென்றால் நிம்மதி. 30க்குக் கீழென்றால் யோசிக்க வேண்டும். இடைப்பட்டால் படியேற்றிப் பார்ப்பார்கள்: 22 மீற்றர் உயரம், அதாவது 130 படிக்கு மேல் ஏறிவிட்டால் நல்லது. லயத்துப் படியில் நீங்களாகப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

பீடி குடித்த நுரையீரல் நைந்திருக்கும். தைத்த இடத்தில் காற்றுக் கசிந்து, நெஞ்சில் போட்ட குழாயை 5 நாளுக்கு மேலும் வைத்திருக்க நேரலாம். அந்தக் குழாய் போய் முடியும் தண்ணீர்ப் போத்தல் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கட்டும். தூக்கினால் தண்ணீர் திரும்பி உள்ளே போகும். இரண்டாம் மூன்றாம் நாளில் இதயத் துடிப்புத் தாறுமாறாவதுண்டு, பெரும்பாலும் மருந்தில் அடங்கும். நிமோனியாதான் பெரிய எதிரி. நோவுக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் சளி அடைத்துக் காய்ச்சல் வரும். நோ மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமட்டும், மறுநாளே நடக்கட்டும்.

லயத்துக்கு ஏறுவார், ஆனால் முதல் மாதம் நின்று நின்றுதான். தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு 6 கிழமைக்கு வேண்டாம். இன்னொன்று: கொழும்பிலோ வெலிசறை நெஞ்சு ஆஸ்பத்திரியிலோ இரத்தத்தில் ஒட்சிசன் பார்ப்பது கடல்மட்டத்தில். உங்கள் ஊர் 1,868 மீற்றரில் இருக்கிறது, காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்திலொன்று குறைவு. வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டுமுன் இதைச் சொல்லி, நடக்க வைத்து அளக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் திடீர் மூச்சுத்திணறலோ, ஒரு கால் மட்டும் வீக்கமோ, காய்ச்சலோ வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திராதீர்கள்.

கேள்வி: சத்திரசிகிச்சைக்கு 3 கிழமைதான் இருக்கிறது. இப்போது பீடியை விட்டால் சளி கூடுமாமே?
– வாசகர், ஹட்டன்

பதில்: இன்றைக்கே விடுங்கள். 4 கிழமை கிடைத்தால் நல்லது, அதற்காக நாளைத் தள்ளாதீர்கள். சளி வந்தால் வெளியே வரட்டும்.