அமெரிக்காவுக்கு இருப்பதே 250 ஆண்டு வரலாறு, அதில் நாம் படிக்க என்ன இருக்கிறது?

மூன்று நாளாக இந்தக் கேள்வி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. கேட்டவர் மேற்படிப்புக்குக் கிளம்புகிறவர் என்று நினைக்கிறேன். "ஐரோப்பியர் வந்ததிலிருந்து ஈராக் போர் வரை சுருக்கமாகச் சொன்னால் போதும்" என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

முதலில் அந்த 250. அது பிரிட்டனிடமிருந்து விடுதலை அறிவித்த 1776 ஜூலை 4-லிருந்து போடும் கணக்கு. மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் கஹோக்கியா என்ற இடத்தில் 1100 வாக்கிலேயே பல ஆயிரம் பேர் வாழ்ந்த நகரம் இருந்தது. அவர்கள் கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பிய மேடு சுமார் 30 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. ஸ்பானியர்கள் 1565-ல் அமைத்த செயின்ட் அகஸ்டினில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். கொலம்பஸ் 1492-ல் இறங்கியது பஹாமாஸ் தீவுகளில். இன்றைய அமெரிக்கப் பெருநிலத்தில் அவர் கால் பட்டதே இல்லை.

நான் ஆய்வாளன் இல்லை. வர்ஜீனியாவில் கணினி வேலை. "அங்கே உட்கார்ந்துகொண்டு அந்த நாட்டுப் பெருமை பேசுகிறான்" என்று யாராவது எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கீழே நான் சொல்லப்போவதில் பாதி பெருமைப்படும்படியான சங்கதி இல்லை.

எனக்கு இந்த வரலாறு புரிந்தது 2019 கோடையில், அப்பா வந்திருந்தபோது. அப்பா திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் 31 ஆண்டு வரலாற்று ஆசிரியர். நயாகரா போகலாமா என்று கேட்டேன். "தண்ணி எங்க விழுந்தா என்னடா, ஜேம்ஸ்டவுன் எவ்வளவு தூரம்?" என்றார்.

ஜேம்ஸ்டவுன்தான் ஆங்கிலேயர்கள் அமெரிக்காவில் முதலில் நிலைத்த ஊர். அங்கே 1607-ல் மூன்று கப்பலில் வந்து இறங்கிய ஆண்களும் சிறுவர்களும் சுமார் நூறு பேர். லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய ஒரு கம்பெனி அனுப்பிய ஆட்கள் அவர்கள். தங்கம் கிடைக்கும் என்று வந்தார்கள், கிடைத்தது சதுப்பு நிலமும் கொசுவும். அங்கே ஏற்கெனவே பௌஹாட்டன் என்ற பூர்வகுடி மக்கள் சோளம் விதைத்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு பண்டமாற்று, பிறகு சண்டை. 1609-10 குளிர்காலத்தில் கோட்டைக்குள் அடைபட்டவர்களில் சுமார் 60 பேர்தான் மிஞ்சினார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் 14 வயதுப் பெண் ஒருத்தியின் மண்டை ஓடு இருக்கிறது, 2012-ல் தோண்டி எடுத்தது. நெற்றியில் வரிசையாக வெட்டுத் தடம். பசியில் செத்தவளின் உடலை மற்றவர்கள் தின்ற அடையாளம். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "தாது வருஷப் பஞ்சத்துக் கதை எங்க அப்பத்தா சொல்லும்" என்றார். அவ்வளவுதான், மேலே பேசவில்லை.

அங்கிருந்து யார்க்டவுனுக்கு 37 கிலோமீட்டர் சாலை. நடுவே 174 ஆண்டு. அந்த ஆண்டுகளில் புகையிலை பணம் கொடுத்தது, 13 குடியேற்றங்கள் வளர்ந்தன. 1763-ல் பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்ததும் கடனை அடைக்க பிரிட்டன் அவர்கள் தலையில் வரி போட்டது. 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை 342 பெட்டி. அது யாருடைய சரக்கு? நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது.

யார்க்டவுனில் பீரங்கிகள் வைத்த மண் அரணுக்குப் பக்கத்தில் அப்பா ஒரு பலகையை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் பையனைக் கூப்பிட்டார். "தங்கம், இங்க வா. இந்தப் பேரைப் படி."

கார்ன்வாலிஸ். வரிச் சண்டை முற்றி வெடித்த சுதந்திரப் போரில், 1781 அக்டோபர் 19 அன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி. கடல் பக்கம் பிரெஞ்சுக் கப்பற்படை வழியை அடைத்துவிட்டதால் தப்ப முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்கத் துணைத் தளபதியை அனுப்பினார்.

"இங்க தோத்த ஆளுதான் அஞ்சு வருஷத்துல நம்ம நாட்டுக்கு கவர்னர் ஜெனரலா வந்தாரு. 1792-ல திப்புவோட ரெண்டு மகன்களைப் பிணையாப் பிடிச்சுக்கிட்டு, பாதி ராஜ்யத்தையும் எழுதி வாங்கினாரு. அந்தப் பாதியிலதான் திண்டுக்கல்லும் போச்சு. நம்ம மலைக்கோட்டை!" பையன் வாயைத் திறந்தபடி நின்றான். நானும்தான். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அந்த ஆளின் சிலை நிற்கிறது, பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியோடு. நான் அதைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தெரியாமலேயே.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட ஒரு ஆசிரியரைப் பள்ளியில் யாரும் மதித்ததில்லை. கணக்குத் தேர்வு வந்தால் வரலாற்றுப் பிரிவேளையைத்தான் பிடுங்குவார்கள். பெற்றோர் கூட்டத்தில் கணக்கு வாத்தியார் முன்னால் வரிசை நிற்கும். அப்பா தனியாக உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருப்பார். "வரலாறு சோறு போடுமா சார்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. நானும் அறிவியல் பிரிவுதான் எடுத்தேன். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதே வட்டாரத்தில் இன்னோர் இடம், மன்ரோ கோட்டை இருக்கும் முனை. ஆங்கிலேயர்களின் வர்ஜீனியாவுக்கு முதன்முதலாக ஆப்பிரிக்கர்களை இறக்கியது 1619-ல் இங்கேதான், இருபது சொச்சம் பேர். 1861 மே மாதம், அடிமைமுறையை விடாத தெற்கு மாநிலங்கள் தனி நாடு என்று பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் தொடங்கிய சமயம், மூன்று அடிமைகள் இரவோடு இரவாகப் படகில் இதே முனைக்குத் தப்பி வந்தார்கள். உடைமைக்காரர் தரப்பில் திருப்பிக் கேட்டார்கள். கோட்டையைக் கையில் வைத்திருந்த வடக்குப் படையின் தளபதி பட்லர் மறுத்தார்: "நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, எங்கள் சட்டம் உங்களுக்கு எப்படிச் செல்லும்?" என்கிற வாதம். செய்தி பரவி ஆயிரக்கணக்கானோர் அந்தக் கோட்டையைத் தேடி வந்தார்கள். 1865-ல் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செத்தார்கள், அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தெற்கு மாநிலங்களில் கறுப்பர்கள் நிம்மதியாக வாக்களிக்க 1965 வரை ஆனது.

குடியுரிமைத் தேர்வில் எனக்கு வந்த ஒரு கேள்வி: உள்நாட்டுப் போருக்குக் காரணமான ஒரு பிரச்சினையைச் சொல். அடிமைமுறை, பொருளாதாரம், மாநில உரிமை, இவற்றில் எதைச் சொன்னாலும் சரி என்று அப்போது அவர்களுடைய விடைத்தாளில் இருந்தது. நான் அடிமைமுறை என்றேன். மற்ற இரண்டும் கடைசியில் அதில்தான் போய் முட்டுகின்றன என்று அப்பா சொல்லியிருந்தார்.

நாடு மேற்கே விரிந்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1803-ல் பிரான்சிடமிருந்து லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பை வாங்கினார்கள், விலை ஒன்றரைக் கோடி டாலர். 1830-ல் பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு அப்பால் பெயர்க்கச் சட்டம். செரோக்கி மக்கள் ஆயிரக்கணக்கில் நடைவழியிலும் முகாம்களிலும் இறந்தார்கள். 1846-48 மெக்சிகோ போர், கலிபோர்னியா கைக்கு வந்தது. 1898-ல் ஸ்பெயினோடு போர், பிலிப்பைன்ஸ் போய் நின்றார்கள். அதன் பிறகு 1917-ல் முதல் உலகப் போர், 1941-ல் இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம், 2001-ல் ஆப்கானிஸ்தான், 2003-ல் ஈராக். எங்கள் பக்கத்து நார்போக் கடற்படைத் தளத்திலிருந்து கப்பல் கிளம்பும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு கையசைக்கும் மனைவிகளைப் பார்த்திருக்கிறேன். போரை ஆதரித்து இதை எழுதவில்லை.

திரும்பும் வழியில் வாஷிங்டனில் வியட்நாம் நினைவுச் சுவருக்குப் போனோம். பளபளவென்று கறுப்புக் கல், நம் கர்நாடகத்திலிருந்து போனது. பெயர்களுக்கு நடுவே பார்ப்பவர் முகமும் தெரியும். 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், அகரவரிசையில் இல்லை, இறந்த தேதி வரிசையில். நடுவில் தொடங்கி வலக்கோடி வரை போய், இடக்கோடியிலிருந்து மீண்டும் நடுவுக்கே வந்து முடியும். முதலில் செத்தவனும் கடைசியில் செத்தவனும் பக்கத்துப் பக்கத்தில்.

அப்பா ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தார். வந்து கேட்டார்: "வியட்நாம்காரன் பேரு எங்கடா எழுதியிருக்கு?"

இல்லை என்றேன். அதையும் பையனிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.