உடனே கேட்கும் மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 36. மனப்பதற்றத்துக்காக மூன்று வாரமாக இரண்டு மாத்திரை எடுக்கிறேன். காலையில் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., இரவில் குளோனசெபாம் 0.25 மி.கி. இரவு மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் படபடப்பு அடங்கிவிடுகிறது. காலை மாத்திரையால் கண்ட பலன் குமட்டல்தான். அதை விட்டுவிட்டு குளோனசெபாமை மட்டும் தொடரலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் நோய்க்கான மருந்தே நீங்கள் விட நினைக்கும் அந்தக் காலை மாத்திரைதான்.

இதே எண்ணத்தில் இருப்பவர்களை மாத்திரை அட்டையை வைத்தே தெரிந்துகொள்வேன். குளோனசெபாம் அட்டை முழுக்கக் காலியாகி நசுங்கியிருக்கும். எஸ்சிட்டலோபிராம் அட்டையில் நாலைந்து குழிதான் உடைந்திருக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது எது அதை அடக்குகிறதோ, அதைத்தான் கை தேடும்.

குளோனசெபாம் பென்சோடயாசெபீன் வகை மருந்து. மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்பணுக்களின் பரபரப்பைத் தணிப்பது அதன் வேலை. காபா போய் ஒட்டியதும் நரம்பணுவில் ஒரு வாயில் திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே நுழையும், அந்த நரம்பணு அமைதியாகும். குளோனசெபாம் அந்த வாயிலைத் தானாகத் திறப்பதில்லை. காபா ஒட்டும்போது அது இன்னும் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் கேட்கிறது.

சிக்கலும் அங்கேதான். தினமும் போட்டுக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் மூளை இதற்குப் பழகிவிடும். அதே அளவு முன்போல் கேட்காது. திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, நடுக்கம், முன்பைவிட மோசமான பதற்றம் வரும். நாள்பட எடுத்தவர்களுக்கு வலிப்புகூட வரலாம். உடல் இப்படிப் பழகுவதும் போதைக்கு அடிமையாவதும் ஒன்றல்ல. மருத்துவர் சொன்னபடி எடுத்தவருக்கும் இது நேரும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எஸ்சிட்டலோபிராம் வேறு வழியில் போகிறது. நரம்பணு தான் வெளியிட்ட செரட்டோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை அது தடுக்கிறது. தடுப்பது முதல் நாளே தொடங்கிவிடும். பலன் தெரிய பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தொடக்கத்தில் குமட்டல் வரும், சிலருக்குப் பதற்றமே கொஞ்சம் கூடும். இந்த இடைவெளியைக் கடக்கத்தான் பெரும்பாலும் குளோனசெபாமைச் சேர்த்துத் தருகிறோம். நீங்கள் மூன்றாவது வாரத்தில், பாதி வழியில் நிற்கிறீர்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள், குமட்டல் பெரும்பாலும் குறைந்துவிடும். குறையாவிட்டால் மருந்தை மாற்றவும் வழி இருக்கிறது. குணம் தெரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதன்பின் குறைந்தது ஆறு மாதமாவது தொடரவேண்டியிருக்கும்.

குளோனசெபாமை எப்போது, எப்படிக் குறைப்பது என்று அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள். நாள்பட எடுத்தவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் வரை மட்டுமே குறைப்போம். உங்களுடையது சிறிய அளவு, குறைந்த காலம்; அவ்வளவு நீளாது. ஆனாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம். அதுவரை மது கூடவே கூடாது. ஓபியாய்டு (அபின் போன்ற) வகை வலி மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ குளோனசெபாமுடன் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும். குளோனசெபாம் உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். ஆகவே காலையில் தலை கனத்தால் வண்டி ஓட்டாதீர்கள்.

இன்னொன்று: பயமான இடத்துக்குப் போகுமுன் ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். பயம் தானாக ஏறித் தானாக இறங்குவதை மனம் நேரில் பார்க்கவேண்டும். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சையில் நாங்கள் பழக்குவது அதைத்தான். முன்கூட்டியே மாத்திரை போட்டால் அந்தப் பாடம் நடக்காது.

இடையில் உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, இருப்புக்கொள்ளாத பரபரப்பு வந்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.