பி.டி. மாஸ்டர் பதில்கள்: ஷூ வாங்கியாச்சு, அப்புறம்?

(மதுரைப் பள்ளியில் 33 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான்: உடற்பயிற்சி ஏன் பத்து நாளைக்கு மேல் நிற்பதில்லை?)

மாஸ்டர், எனக்கு வயது 41. மூன்று வருடமாக ஜனவரியில் ஜிம்மில் சேருகிறேன். கட்டிய காசுக்காவது போவோம் என்று இந்த முறை ஒரு வருடப் பணத்தையும் மொத்தமாகக் கட்டினேன். 11 நாள் போனேன். நான் அவ்வளவு சோம்பேறியா?
- வங்கி ஊழியர், திண்டுக்கல்

சோம்பேறி என்றால் மார்ச் 31 ராத்திரி கணக்கு முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வேலையில் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டீர்கள். அந்த வார்த்தையை முதலில் விடுங்கள். என் கதையைக் கேளுங்கள், உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மே 31ஆம் தேதி ஓய்வு பெற்றேன். சால்வை போட்டார்கள், விசிலை வீட்டில் காலண்டர் ஆணியில் மாட்டினேன். மறுநாள் பழக்க தோஷத்தில் நாலே முக்காலுக்கு முழிப்பு வந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. இப்படி எட்டு மாதம். ஆறு கிலோ ஏறி, பேண்ட் கொக்கி மாட்ட முடியாமல் நின்றபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. 33 வருடமாக நானும் ஓடிக்கொண்டிருந்தேன் என்றே நினைத்திருந்தேன். ஓடியவர்கள் பையன்கள். நான் விசில் ஊதினேன், அவ்வளவுதான்.

என்னை மறுபடி நடக்க வைத்தது வைராக்கியம் இல்லை, காபி. பக்கத்துத் தெருவில் இருந்த பால் பூத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த பூத் முக்கால் கிலோமீட்டர் தள்ளி. வண்டியை அப்போது மகன் ஊருக்கு எடுத்துப் போயிருந்தான். காபி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. போய் வர ஒன்றரை கிலோமீட்டர், தினமும், சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்போடு. இரண்டு மாதம் கழித்து வண்டி திரும்பி வந்தது. அதற்குள் கால் பழகிவிட்டது, வண்டியை எடுக்கவே தோன்றவில்லை. இப்போது வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வருகிறேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். அந்த நடைக்கு விதை பால் பாக்கெட்தான்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் ஊகித்துச் சொல்லட்டுமா? முதல் நாளே டிரெட்மில், டம்பெல், தண்டால் எல்லாம். மூன்றாம் நாள் படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கியிருப்பீர்கள். பழகாத தசைக்கு வேலை கொடுத்தால் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் வலி உச்சத்துக்கு வரும். அதையும் பல்லைக் கடித்துத் தாண்டினீர்கள், அதனால்தான் 11 நாள். பன்னிரண்டாம் நாள் ஏதாவது கல்யாணமோ ஆடிட்டோ வந்திருக்கும். ஒரு நாள் விட்டது. “சரி, போச்சு” என்று மனசு கையெழுத்துப் போட்டுவிட்டது.

அங்கேதான் கோளாறு. 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அது 1960ல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து கிளம்பியது. ஆபரேஷன் ஆனவர்களுக்கு மாறிய முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார். முகம் பழகுகிற கணக்கை நாம் ஜிம்முக்கு எடுத்துக்கொண்டோம்! லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2009ல் வெளிவந்தது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது போன்ற ஒரு சின்னக் காரியம் தன்னால் நடக்க நடுவாந்திரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்குக் கணக்குப்படி 254 நாள் வரை இழுத்தது. உடற்பயிற்சி, தண்ணீர் குடிப்பதைவிட மெதுவாகத்தான் ஒட்டியது. ஆனால் நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் எதுவும் இல்லை. உங்கள் பன்னிரண்டாம் நாள் ஒன்றையும் கெடுக்கவில்லை, பதிமூன்றாம் நாள் போயிருந்தால்.

ஜிம்மை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பேங்குக்குப் பஸ்ஸில்தானே போகிறீர்கள்? ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குங்கள். இரண்டு மாதத்துக்கு அது போதும். சின்னதாக இருக்கிறதே என்று கூச்சமாக இருந்தால் வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஐயா, நாலே முக்காலுக்கு எழுந்தால் எட்டு மணிக்குள் காலை டிபன், மூன்று டப்பா சாப்பாடு, வாசல், பாத்திரம் என்று ஓடுகிறேன். டாக்டர் நடக்கச் சொல்கிறார். “வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே” என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
- இல்லத்தரசி, திருமங்கலம்

உங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். “இதுக்கு நீங்க பதில் எழுதப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தத் தொனி இன்னும் காதில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் அடக்கியே எழுதுகிறேன்.

உங்கள் கணவர் சொல்வது முழுப் பொய் இல்லை. தண்ணீர்க் குடம் தூக்குவது, துணி துவைப்பது, வீடு துடைப்பது எல்லாமே உடல் உழைப்புதான், உலக சுகாதார நிறுவனமும் அதைக் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் அடுப்படியில் மூன்று மணி நேரம் நின்றால் கால் வீங்கும், நெஞ்சு பழகாது. பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அப்படி வாரத்துக்கு 150 நிமிடம் என்பதுதான் பெரியவர்களுக்கு அவர்கள் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு. ஆட்டுக்கல்லும் அம்மியும் இருந்த காலத்தில் அந்த வாதம் ஓரளவுக்கு நின்றிருக்கும். இப்போது கிரைண்டர் சுற்றுகிறது, நீங்கள் நிற்கிறீர்கள்.

2024ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஒரு கணக்கு வந்தது. இந்தியாவில் போதிய உடலசைவு இல்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம். இதைப் படித்துவிட்டுப் பெண்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்பவன் ஒரு நாள் காலையில் உங்கள் வீட்டில் நின்று பார்க்கட்டும். காலையில் நான் செருப்பை மாட்டினால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. என் மனைவி மாட்டினால், “சட்னி அரைச்சாச்சா?” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் பல வருடம் என்னுடையதுதான்.

அதனால் நாலு மணிக்கு எழுந்து நடக்கச் சொல்ல மாட்டேன். இருக்கிற தூக்கத்தையும் பிடுங்கினால் ஒரு வாரத்தில் படுத்துவிடுவீர்கள். மூன்று டப்பாவில் ஒன்றை உங்கள் கணவர் கட்டட்டும். இந்த வரியை அவரிடம் காட்டுங்கள், மாஸ்டர் சொன்னார் என்று.

அப்புறம், உடை ஒரு பெரிய தடை. நைட்டியை மாற்றணும், தலை வாரணும், தெருமுனை நாய்களைத் தாண்டணும், கழுத்துச் செயினை உள்ளே தள்ளணும். இத்தனையும் முடித்து நடக்க ஆரம்பிப்பதற்குள் ஆர்வம் போய்விடும். என் மனைவி கண்டுபிடித்த வழி மொட்டை மாடி. சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க எப்படியும் மேலே போக வேண்டும். எடுப்பதற்கு முன்னால் இருபது நிமிடம் கொடிக் கயிறுகளுக்கு நடுவில் எட்டு போட்டு நடக்கிறாள். காரைக்குடியில் இருக்கும் தங்கைக்கு அப்போதுதான் போன், வேறு நேரத்தில் பேசுவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். கதை பாதியில் நின்றால் மறுநாள் நடை நிச்சயம். என் 33 வருட சர்வீஸில் இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நான் யோசித்ததில்லை.

தொடைக்கு வலு வேண்டும் என்றால், குக்கர் மூன்று விசில் வருவதற்குள் கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள், பத்து தடவை. முழங்கால் வலி இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு.

24 வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன் சார். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி ட்யூட்டி, ஒரு நாள் ராத்திரி ஸ்டே. தினமும் ஒரே நேரத்தில் நடங்கள் என்றால் எங்களுக்கு எப்படி முடியும்?
- ஓட்டுநர், விருதுநகர்

தம்பி, உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்ததே உங்கள் தொழில்தான். ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் லண்டன் மாடிப் பஸ் ஊழியர்களைப் பார்த்தார். ஒரே பஸ், ஒரே ரூட். ஆனால் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம், நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்குக் குறைவு. 1953ல் லான்செட்டில் வெளிவந்தது. ஓட்டுநர் வேலைக்கு வருகிறவர்கள் ஆரம்பத்திலேயே குண்டாக இருந்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அவர் சீருடை தைத்த அளவுகளையே எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாகத்தான் இருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதினார். 1953 ஆய்விலேயே தபால்காரர்களையும் மேஜையில் உட்காரும் ஊழியர்களையும் ஒப்பிட்டிருந்தார், அங்கேயும் நடந்தவர்களே தேவலை. மாரிஸ் தானும் ஓட ஆரம்பித்து 99 வயது வரை இருந்தார். (நம் ஊர் நடத்துநர்கள் இதைப் படித்துக் காலரைத் தூக்க வேண்டாம். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு “டிக்கெட்டை பாஸ் பண்ணுங்க” என்றால் இந்தக் கணக்கு செல்லாது.)

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேரத்தோடு கட்டாதீர்கள், சம்பவத்தோடு கட்டுங்கள். மூன்று மணி ட்யூட்டியோ மத்தியான ட்யூட்டியோ, டிரிப் முடிந்து டைம் கீப்பரிடம் போய்த்தான் ஆக வேண்டும். அங்கேயிருந்து திரும்பும்போது நேரே டீக்கடைக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்று, வேக நடை. ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், பரவாயில்லை. சேர்ந்தாற்போல் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொன்னார்கள், 2020ல் உலக சுகாதார நிறுவனம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. நாலு டிரிப், நாலு சுற்று. நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ தாடை, இடது கை வலித்தாலோ நின்றுவிடுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதில் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது.

கையில் கட்டிய வாட்ச் தினமும் பத்தாயிரம் அடி கேட்கிறது. ஆறாயிரத்தைத் தாண்ட முடியவில்லை. வெறுப்பாக இருக்கிறது.
- கல்லூரி விரிவுரையாளர், காரைக்குடி

அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் எழுதிக்கொடுத்தது இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், 1965ல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’தான். விளம்பரத்துக்கு வைத்த எண் உங்கள் கையில் உட்கார்ந்து மிரட்டுகிறது. ஆறாயிரம் நல்ல நடை. இலக்கை ஏழாயிரமாக மாற்றி வையுங்கள், வாட்ச் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

ஆறு மாதமாகத் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ஒரு கிலோகூட இறங்கவில்லை. விட்டுவிடலாமா?
- மளிகைக் கடைக்காரர், மதுரை

அண்ணாச்சி, உங்களை நான் பார்த்திருக்கிறேன் என்றே நினைக்கிறேன். நடை முடிந்ததும் நண்பர்களோடு வடைக் கடைக்குப் போகிற கூட்டம்தானே? முக்கால் மணி நடையில் செலவாவது தோராயமாக 200 கலோரி. இரண்டு உளுந்த வடையும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் அதைத் தாண்டிவிடும். வாசலில் தள்ளுவண்டியில் அருகம்புல் சாறு குடித்துவிட்டு வடைக்குப் போனால் வடை கழிந்துவிடாது. ஆனால் நடையை விடாதீர்கள். சர்க்கரை, பிரஷர், தூக்கம் எல்லாவற்றுக்கும் அந்த நடை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, எடை மிஷினுக்கு அது தெரியாது. அந்தக் கூட்டத்தையும் விடாதீர்கள். மழை நாளில்கூட உங்களை வரவைப்பது அவர்கள்தான். வடையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள்.

என் மகன் பத்தாம் வகுப்பு. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். இப்போது இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறான். தப்பு செய்துவிட்டோமா?
- ஒரு தந்தை, தேனி

நீங்கள் மட்டும் செய்யவில்லை, நானும் செய்திருக்கிறேன். “மாஸ்டர், போர்ஷன் முடியலை, இன்னிக்கு ஒரு பீரியட்” என்று கேட்டு வருவார்கள். ஜனவரிக்குப் பிறகு நான் வாயைத் திறந்து ஆட்சேபித்ததே கிடையாது, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். இன்னொன்றும் சொல்கிறேன். லேட்டாக வந்தால் கிரவுண்டைச் சுற்றி நாலு ரவுண்டு, ஹோம்வொர்க் எழுதாவிட்டால் தோப்புக்கரணம். ஓடுவதும் உட்கார்ந்து எழுவதும் தண்டனை என்று நாங்களே சொல்லிக்கொடுத்தோம். பத்து வருடம் அப்படிப் படித்த பையன் நாற்பது வயதில் டாக்டர் நடக்கச் சொன்னதும் முகம் சுளிக்காமல் என்ன செய்வான்?

பள்ளியில் போய்ச் சண்டை போட்டால் இந்த வருடம் ஒன்றும் நடக்காது. மகனை ஜாக்கிங் போகச் சொல்லாதீர்கள், அதுவும் அவனுக்கு நாலு ரவுண்டு மாதிரிதான் இருக்கும். எட்டாம் வகுப்பு வரை என்ன விளையாடினான் என்று கேளுங்கள். ஷட்டில் என்றால் பேட் இன்னும் பரண் மேல்தான் கிடக்கும், நரம்பு இரண்டு அறுந்திருக்கும். எடுத்துக் கொடுங்கள். டியூஷன் விட்டு வந்ததும் தெருவிளக்கு வெளிச்சத்தில் அரை மணி. எதிரில் ஆள் இல்லை என்பான். நீங்கள் நில்லுங்கள், தோற்றுப்போங்கள்.