சீரியம் வாங்கப் போகிறீர்களா? கேள்வி-பதில்

கேள்வி: வைப்பர் ரப்பர் தேய்ந்து கார் முன்கண்ணாடியில் கோடு விழுந்துவிட்டது. கண்ணாடியைப் பாலிஷ் செய்யும் சீரியம் ஆக்சைடு பவுடர் (சீரியம் ஓர் உலோகம்) வாங்கி ஒரு மணி நேரம் துணியால் தேய்த்தும் போகவில்லை. போலியா?

பதில்: துணியால் தேய்த்தால் அசல் பவுடரும் வேலை செய்யாது. முதலில் கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் விட்டுவிடுங்கள். அந்த ஆழத்துக்கு பாலிஷ் எட்டாது. மாட்டாவிட்டால், பவுடரைத் தண்ணீரில் மோர்க்குழம்பு பதத்துக்குக் கரைத்து, வேகம் குறைத்த டிரில்லில் ஃபெல்ட் பேட் மாட்டித் தேயுங்கள். சீரியம் வெறுமனே சுரண்டுவதில்லை. கண்ணாடியின் மேல்படலத்தோடு வேதிவினை புரிந்து இளக்கி எடுக்கிறது. அதற்கு ஈரம் வேண்டும். கரைசல் காய்ந்தால் சூடேறிக் கண்ணாடி விரிசல் விடலாம். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், அடிக்கடி புறங்கையால் சூடு பாருங்கள். ஒரே இடத்தில் நின்றால் குழி விழுந்து எதிரே வரும் லாரி நெளிந்து தெரியும். ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் கோடு என்றால் கண்ணாடியை மாற்றுவதே சரி.

போலிச் சந்தேகத்துக்கு நிறம் பாருங்கள். சுத்தமானது வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள். கலப்பு ரகம் இளம்பழுப்பு. செங்கல் பொடி மாதிரி வந்திருந்தால் இரும்பு ஆக்சைடாக இருக்கலாம், திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: அதே பவுடரை மஞ்சளடித்த ஹெட்லைட்டுக்கும் போன் திரைக்கும் போடலாமா?

பதில்: இது கண்ணாடிக்கான பவுடர், ஹெட்லைட்டோ பிளாஸ்டிக். போனில் விரல்ரேகை ஒட்டாத பூச்சு போய்விடும். வேண்டாம்.

கேள்வி: அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரில் பொறி வரவில்லை. கடையில் ‘கல் மாற்றினேன்’ என்று 40 ரூபாய் வாங்கினார்கள். இரண்டே நாளில் மறுபடி அதே கதை.

பதில்: பட்டனை அமுக்கினால் ‘டக்’ என்னும் ரகம்தானே? அதில் கல்லே கிடையாது. உள்ளே சிறு சுத்தியல் ஒரு படிகத்தைத் தட்டி மின்பொறி உண்டாக்குகிறது. உங்கள் மேல் தப்பில்லை. பில் இல்லாவிட்டாலும் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கல் இருப்பது சக்கரம் உருட்டும் சிகரெட் லைட்டரில். சீரியம் அதிகமுள்ள கலவையோடு இரும்பு சேர்ந்தது அது. 1903இல் ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்தார்.

கேள்வி: பெட்ரோமாக்ஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலில் கதிர்வீச்சு உண்டாமே?

பதில்: பழைய ரகத்தில் உண்டு. 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. வெளிச்சம் அந்த ஒரு பங்கால், கதிரியக்கம் தோரியத்தால். இரண்டுமே மோனசைட் மணலில் கிடைப்பவை. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் அந்த மணல் உண்டு. புது மேன்டிலை முதன்முறை வெளியில் வைத்து எரியுங்கள், புகையை முகராதீர்கள், உடைந்த சாம்பலை வாயால் ஊதாதீர்கள். தோரியம் இல்லாத இட்ரியம் மேன்டிலும் வருகிறது. அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ‘அரிய மண் உலோகம்’ கலந்த காப்பு, சர்க்கரை குறையும் என்று அம்மாவுக்கு 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். பயன் இல்லை.

பதில்: இந்த ‘அரிய’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. அதை நம்பி ‘அரிய மண்’ காந்தம் வைத்த தண்ணீர்க் குழாய் வாங்கியவன் நான். உப்பு ஒரு துளி குறையவில்லை. 1803இல் ஸ்வீடனில் பெர்சீலியஸும் ஹிசிங்கரும், ஜெர்மனியில் தனியாகக் கிளாப்ரோத்தும் இந்த ‘அரிய மண்’ உலோகங்களில் ஒன்றான சீரியத்தைக் கண்டறிந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் தென்பட்ட சீரிஸ் என்ற குறுங்கோளின் பெயரையே வைத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ஆக்சைடு. அந்தக் காலத்தில் ஆக்சைடுக்குப் பெயர் ‘மண்’. அதைப் பிரித்தெடுத்த தாது அபூர்வமாகக் கிடைத்ததால் ‘அரிய’. பிறகு பார்த்தால் பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறக்குறைய செம்பு அளவுக்கே இருக்கிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது, வியாபாரிக்கு வசதியாக.

காப்பால் சர்க்கரை குறையாது. அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்து, மந்திர நிவாரண விளம்பரச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள்.

கேள்வி: மலையேற்றத்துக்குத் தீக்குச்சிக்குப் பதில் உரசு கம்பி வாங்கினேன். பொறியே இல்லை, மட்டமான சரக்கு.

பதில்: அதுவும் சிகரெட் லைட்டர் கல் மாதிரி சீரியம் கலவைதான். மேலே இருக்கும் கறுப்புப் பூச்சைச் சுரண்டினீர்களா?