ராட்டினத்தை நிறுத்தியதற்குப் பேட்டாவைப் பிடிக்கலாமா?

கேள்வி: ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குப் போகும் குழு ஒன்றில் 12 ஆண்டுகளாக ஜெயண்ட் வீல் ஓட்டுகிறேன். வயது 36. கடந்த சித்திரையில் ஓர் அம்மன் கோயில் தேரோட்டத்தன்று மாலையில் மழை பெய்தது. இரவு 10 மணிக்கு மேல் கூட்டம் நெரியும் நேரத்தில், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஆட்களை இறக்கிவிட்டு நிறுத்தினேன். முதலாளி எல்லார் முன்னிலையிலும் திட்டிவிட்டு, வேறோர் ஆளை வைத்து ஓட்டினார். அன்றைய பேட்டாவையும் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் ஏறிப் பார்த்தால், அச்சிலிருந்து விளிம்புக்குப் போகும் ஓர் ஆரத்தின் இணைப்பில், நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைக் காணோம். நட்டும் கழன்று வந்திருந்தது. அவரிடம் காட்டினேன். “அதுதான் ஒன்றும் ஆகவில்லையே” என்றார். சென்ற ஐப்பசியில் வாங்கிய அட்வான்ஸில் இன்னும் 45,000 ரூபாய் பாக்கி. அடுத்த சீசனுக்கும் கூப்பிடுகிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகனையும் கோடை விடுமுறையில் உதவிக்கு அழைத்து வரச் சொல்கிறார். என் மனைவி இந்த வேலையே வேண்டாம் என்கிறார். நான் செய்தது தவறா? இனி என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தேனி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

நிறுத்தியது தவறில்லை. அதற்கான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சக்கரம் ஓடும்போது விடாமல் கேட்கும் சத்தம் என்றால் பேரிங்கையோ கியரையோ சந்தேகிக்கலாம். சுற்றுக்கு ஒரு முறை, அதுவும் ஒரே இடத்தில் கேட்கும் சத்தம் என்றால், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்துபோய், பாரம் அதன் மீது மாறி விழும் நொடியில் அசைகிறது என்று பொருள். மறுநாள் காலையில் நீங்கள் கண்டது அதைத்தான். ஸ்பிளிட் பின் விழுந்துவிட்டால் நட்டு சிறிது சிறிதாகக் கழன்று வரும்; நட்டு போன பிறகு போல்ட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை; அந்த ஆரம் சுமக்க வேண்டிய பாரத்தையும் பக்கத்து ஆரங்களே சுமக்க நேரும். அன்றிரவு ஒன்றும் ஆகாமல் போனதை வைத்து உங்கள் முதலாளி உங்கள் முடிவை எடைபோடுகிறார். நிறுத்திய நேரத்தில் உங்கள் காதுக்கு என்ன தெரிந்ததோ அதை வைத்துத்தான் அந்த முடிவை எடைபோட வேண்டும்.

அன்று மழை பெய்திருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்தும் சக்கரத்துக்குக் கான்கிரீட் அடித்தளம் கிடையாது. கால்களுக்கு அடியில் அடுக்கிய மரக்கட்டைகள்தாம் அதன் அஸ்திவாரம். மழைக்குப் பின் மண் இளகி ஒரு பக்கக் கட்டை விரற்கடை அளவு இறங்கினாலும் அச்சு சாய்ந்து, ஒரு பக்கத்துப் பேரிங்கும் அந்தப் பக்கத்து இணைப்புகளும் கூடுதல் பாரத்தைத் தாங்க வேண்டி வரும். கரிசல் மண்ணில் இது இன்னும் மோசம். ஆகவே மழை விட்டதும் ரசமட்டத்தை வைத்துச் சமநிலை பார்க்காமல் ஆட்களை ஏற்றியிருக்கவே கூடாது. இந்தக் குறை உங்கள் முதலாளியைச் சேர்ந்தது.

உங்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆட்களை இறக்கிய பிறகு நீங்கள் விலகி நின்றுவிட்டீர்கள். வேறோர் ஆள் ஏறி ஓட்டினார். நிறுத்துவது என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, காலிச் சக்கரத்தைக் கையால் மெல்லத் தள்ளி, சத்தம் வரும் ஆரத்தை டார்ச் அடித்துப் பார்த்து, பின்னை மாட்டி, நட்டை இறுக்கிய பிறகு ஆள் இல்லாமல் இரண்டு சுற்று விட்டுப் பார்ப்பது வரையில் எல்லாம் சேர்ந்ததுதான். கைப்பழக்கம் உள்ளவருக்கு இதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். ‘இனிமேல் ஓட்ட மாட்டேன்’ என்று சொன்னால் முதலாளியின் காதில் அந்த இரவு வசூல் முழுவதும் போனது போல விழும். ‘பதினைந்து நிமிடம் கொடுங்கள், பார்த்துவிட்டு ஓட்டுகிறேன்’ என்று சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

ராட்டினத்தில் ஏறி இறங்குவதோடு சரி என்று இருக்கும் மற்ற வாசகர்களுக்காகவும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சக்கரம் சுற்றத் தொடங்குவது மாலையில்தான் என்றாலும், ஓட்டுபவரின் வேலை காலையிலேயே தொடங்கிவிடுகிறது. லாரிக்கு அடியிலோ டிக்கெட் கவுண்டரின் தார்ப்பாய்க்கு அடியிலோ படுத்து எழுந்து, பின்களையும் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, கிரீஸ் வைத்து, பெட்டிகளின் கதவுக் கொக்கிகளைச் சோதித்து, எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி, மாலையில் காலிச் சக்கரத்தை ஓட விட்டுப் பார்த்த பிறகுதான் முதல் டிக்கெட் கிழிய வேண்டும். ஏற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. 12 பெட்டிச் சக்கரம் என்றால் முதல் பெட்டிக்கு அடுத்தபடி எதிரே இருக்கும் 7ஆம் பெட்டி, பிறகு 4, பிறகு 10 என்று பாரத்தைச் சமன் செய்துகொண்டே போவார்கள். அவசரத்தில் வரிசையாக இறக்கிக்கொண்டே போனால் ஒரு பக்கம் காலியாகி, பிரேக்கைத் தளர்த்திய உடனே பாரமுள்ள பக்கம் தானாகக் கீழே ஓடி வரும். இத்தனைக்கும் நடுவே, உச்சிக்குப் போனதும் எழுந்து நின்று பெட்டியை ஆட்டி வீரம் காட்டும் இளைஞர்களையும், செல்போனை நீட்டிப் படம் எடுப்பவர்களையும் கீழிருந்தே அதட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் அஞ்ச வேண்டிய இரவு தேரோட்ட இரவு அன்று. கடைசி ஆட்டம் முடிந்து கழற்றும் இரவு. நள்ளிரவுக்கு மேல் தொடங்கி விடியும் வரையில் கழற்றி, லாரியில் அடுக்கி, அதே லாரியின் மேல் உட்கார்ந்து அடுத்த ஊருக்குப் போய், இறங்கிய கையோடு மீண்டும் மாட்டத் தொடங்குகிறார்கள். இரண்டு நாள் தூங்காத கை மாட்டிய பின்னைச் சரியாக மடக்கியதா என்று யார் பார்த்தார்கள்? உங்கள் சக்கரத்தில் காணாமல் போன ஸ்பிளிட் பின், ஓட்டத்தில் விழுந்ததா, மாட்டிய அன்றே மடக்காமல் விடப்பட்டதா என்பதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு இரண்டாவது காரணத்தின் மீதுதான் சந்தேகம்.

நிலைத்தன்மைச் சான்று, தீயணைப்புத் துறை மற்றும் காவல் துறையின் தடையின்மைச் சான்றுகள், மின் இணைப்புச் சோதனை ஆகியவற்றை வாங்கித்தானே ஓட்டுகிறோம் என்று முதலாளிகள் சொல்வதுண்டு. அவை கட்டாயம் வேண்டும். ஆனால் திருவிழா தொடங்கும்போது கொடுக்கப்பட்ட காகிதத்துக்கு, எட்டாம் நாள் இரவு ஒரு நட்டு கழன்றது தெரியாது. அந்த நேரத்தில் அதை அறியக்கூடியவர் பிரேக்கைப் பிடித்து நிற்பவர் மட்டுமே. சட்டமும் அவரை விட்டுவிடுவதில்லை. 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத் கான்காரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசல் போல ஆடும் சவாரி முறிந்து விழுந்து இருவர் இறந்தபோது, ஒப்பந்ததாரரோடு அதை இயக்கியவர்களும் கைது செய்யப்பட்டார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. ‘முதலாளி ஓட்டச் சொன்னார்’ என்ற பதில் அங்கே உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்.

உங்கள் முதலாளியை நான் கொடியவராகப் பார்க்கவில்லை. பங்குனியில் விருதுநகர், சித்திரையில் மதுரையும் வீரபாண்டியும், ஆடியில் சேலமும் அந்தியூரும், ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடிப் பனிமய மாதா, செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி என்று ஓடும் இந்தத் தொழிலில், திடலை ஏலம் எடுத்தவருக்குக் கட்டும் வாடகை முன்கூட்டியே போய்விடுகிறது. மழை இரண்டு நாளைத் தின்றுவிட்டால் தேரோட்ட இரவில்தான் அதை ஈடுகட்ட முடியும். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் சித்திரையும் ஊரடங்கில் போனதன் கடன் சில குழுக்களுக்கு இன்னும் தீரவில்லை. அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது; உங்கள் பேட்டாவைப் பிடித்ததற்கு மட்டும் நியாயம் இல்லை. நிறுத்தினால் கூலி போகும் என்று ஒரு முறை காட்டிவிட்டால், அடுத்த முறை உங்கள் காது கேட்டாலும் கை தயங்கும். உங்களுக்குப் பதிலாக ஓட்டிய அந்த ஆளுக்கோ பிரேக்கை நோக்கிக் கை நீளவே நீளாது.

உண்மையான முடிச்சு அட்வான்ஸில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் திடல்கள் ஓய்ந்துவிடுவதால், ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுச் செலவுக்கு முதலாளியிடம் கை நீட்டுகிறீர்கள். அந்தக் கடன்தான் தேரோட்ட இரவில் உங்களை வாய் திறக்கவிடாமல் செய்கிறது. முன்பணத்தைக் காரணம் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் பிடித்து வைப்பதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் முதலாளி அந்த அளவுக்குப் போனதாக நீங்கள் எழுதவில்லை. ஆகவே சட்டத்தை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போகாதீர்கள், மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். செய்ய வேண்டியது, இந்த ஐப்பசியில் புது அட்வான்ஸ் வாங்காமல் இருப்பது. மழைக்காலத்தில் உங்கள் கைகளுக்கு வேலை இல்லாமல் போகாது. வெல்டிங் பட்டறை, ஜெனரேட்டர் பழுது பார்க்கும் கடை, கிரேன் வைத்திருப்பவர் என்று யாரிடம் போனாலும் நட்டு, போல்ட்டு தெரிந்த ஆளுக்கு நாள்கூலி உண்டு. அதில் வீட்டை ஓட்டிக்கொண்டு, பழைய பாக்கியை அடுத்த சீசன் கூலியில் மாதத் தவணையாகக் கழிப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

தைக்கு முன்பே அவரைத் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். திடலில் நின்று பேசினால் அவருக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். “முதலாளி, சத்தம் கேட்டால் கால் மணி நேரம் நிறுத்திப் பார்ப்பேன், அதற்காகப் பேட்டாவைப் பிடிக்கக் கூடாது, நான் சரி என்று சொல்லும் வரையில் வேறு யாரும் ஓட்டக் கூடாது” என்று மூன்றை மட்டும் கேளுங்கள். கழற்றி ஏற்றிய இரவுக்குப் பிறகு மாட்டுவதற்கு முன் ஆறு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கத் தோன்றும். முதல் மூன்றுக்கு அவர் இணங்கிய பிறகு கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, தினமும் மாலையில் தேதி, திடல், பார்த்த இணைப்புகள், மாற்றிய பின்கள், ரசமட்டம் காட்டியது ஆகியவற்றை எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு என்பதை எடுத்துச் சொன்னால் மறுக்க மாட்டார். மறுத்தால், அவரிடம் இனி வேலை செய்ய வேண்டாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் உங்களுக்குக் கிடைக்காது.

மகன் விஷயத்தில் இழுபறிக்கே இடமில்லை, அனுப்ப வேண்டாம். ‘உதவி’ என்று அழைத்துப் போகும் பையன்களைத்தான் உடம்பு லேசானவர்கள் என்று சக்கரத்தின் மேல் ஏற்றுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் மனைவி சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. மூன்று கோரிக்கைகளில் ஒன்றுகூட நடக்காவிட்டால் அவர் சொல்வதே சரி. அப்போது நிலையான கேளிக்கைப் பூங்காக்களில் சவாரிகளை இயக்கும் வேலைக்கு முயலுங்கள். மாதச் சம்பளமும், பெரிய இடங்களில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வசதியும் கிடைக்கும். கையில் வரும் தொகை சீசன் வருமானத்தைவிடக் குறைவாகத் தோன்றலாம். மழைக்கால மாதங்களையும் சேர்த்து ஆண்டுக் கணக்காகப் போட்டுப் பார்த்துவிட்டு இருவருமாக முடிவு செய்யுங்கள்.

எந்த முடிவாக இருந்தாலும் இந்த வாரமே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். வங்கிக் கணக்கு இருக்கும் கிளையில் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவுக்கு எழுதிக் கொடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில், விபத்தில் இறப்பு நேர்ந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். காப்பீட்டு ஆண்டு மே 31இல் முடிவதால், மே மாதக் கடைசியில் திடலில் இருக்கும்போது கணக்கில் பணம் இல்லாமல் விட்டுவிடாதீர்கள். அடுத்து, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் உங்கள் வேலை எதில் சேரும் என்று கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்; பிள்ளையின் படிப்புக்கான உதவித்தொகை பற்றியும் அங்கே கேளுங்கள்.